எட்டு வாரம் நின்ற காரும் அப்பா கேட்ட கேள்வியும்

தங்கையும் மாப்பிள்ளையும் வேலை விஷயமாக எட்டு வாரம் வெளிநாடு போயிருந்தார்கள். காரை வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, சாவியை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். "வாரத்துக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் ஓடவிட்டால் போதும் மாமா" என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அப்பா ஒரு வேலையை ஏற்றுக்கொண்டால் தவறாமல் செய்பவர். ஞாயிறு காலை ஏழு மணிக்குப் போய் ஸ்டார்ட் செய்வார். ஏசியும் கெட்டுப்போகக் கூடாது என்று அதையும் போட்டுவிடுவார். கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிடம் கழித்து நிறுத்துவார்.

முதல் ஞாயிறு ஒரே திருப்பில் எஞ்சின் எடுத்தது. இரண்டாம் ஞாயிறு இழுத்து இழுத்துச் சுற்றி, பிறகு எடுத்தது. மூன்றாம் ஞாயிறு டாஷ்போர்டு விளக்குகள் மங்கின, டக் டக் என்று சத்தம் வந்தது, அதோடு சரி. "அவர்கள் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம், இதற்காக உன்னை எதற்கு அலைய வைப்பது" என்று அப்பா என்னிடம் சொல்லாமலே காரைப் பூட்டி வைத்துவிட்டார். அப்படியே இன்னும் ஐந்து வாரம் போனது.

அவர்கள் திரும்பி வந்த மறுநாள் நான் போனேன். ரிமோட் வேலை செய்யவில்லை. சாவித் துவாரத்தில் சாவியைப் போட்டுத்தான் கதவைத் திறக்க முடிந்தது. பானெட்டைத் தூக்கி மல்டிமீட்டரை வைத்தேன். 3.9 வோல்ட். பக்கத்தில் நின்ற அப்பா கேட்டார்: "நான் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லையே, பிறகு எப்படி?"

வாகன மின்வேலையில் பல வருடமாக இருக்கிறேன். இறங்கிப்போன பேட்டரியை மாற்றிவிட்டு வருவது எனக்கு அரை மணி நேர வேலை. ஆனால் அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால் வழக்கமாக அளக்காததையும் சேர்த்து அளந்தேன்.

3.9 வோல்ட் என்றால் என்ன

கார் பேட்டரிக்குள் ஆறு அறைகள் வரிசையாக இணைந்திருக்கின்றன. முழுதாக ஏறிய நிலையில் ஓர் அறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்து 12.6 முதல் 12.7 வரை. சில மணி நேரம் சும்மா விட்டு அளந்தால், 12.4 முக்கால் பங்கு, 12.2 பாதி, 12.0 கால் பங்கு. 11.8 வந்துவிட்டால் ஏறக்குறைய காலி என்று வைத்துக்கொள்ளலாம். முழுமைக்கும் காலிக்கும் இடையே ஒரு வோல்ட்டுக்கும் குறைவான வித்தியாசம்தான். "12 வோல்ட் காட்டுகிறதே, நன்றாகத்தானே இருக்கிறது" என்று பலர் ஏமாறுவது இதனால்தான். 12 வோல்ட் பேட்டரியில் சரியாக 12 வோல்ட் இருந்தால் அது பசியில் கிடக்கிறது என்று பொருள்.

3.9 என்பது இந்தக் கணக்குக்கே வெளியே. காலியான பிறகும் எதுவோ தொடர்ந்து உறிஞ்சிக்கொண்டே இருந்தால்தான் அந்த ஆழத்துக்கு இறங்கும்.

எதிர்மின் தகட்டில் ஈயம், நேர்மின் தகட்டில் ஈய டை ஆக்சைடு, நடுவே நீர் கலந்த கந்தக அமிலம். 1859இல் காஸ்டன் பிளாந்தே செய்த முதல் ஈய அமில பேட்டரியில் இருந்த அதே வேதியியல்தான் இன்றும். மின்சாரம் வெளியேறும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. உடனே மின்னேற்றினால் அந்த மென்மையான படிவு கரைந்து பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நாள்கணக்கில், வாரக்கணக்கில் அப்படியே விட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரிய படிகங்களோடு சேர்ந்து இறுகுகின்றன. இறுகியது எளிதில் திரும்பாது. தகட்டில் அந்த இடம் வேலைக்கு உதவாத இடமாகிவிடும்.

அதனால் அப்பாவிடம் நான் முதலில் சொன்னது இது: மூன்றாம் ஞாயிறு வண்டி எடுக்காமல் போனபோது பேட்டரி சாகவில்லை. அன்றைக்கே சார்ஜரில் போட்டிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருக்கும். அதைக் கொன்றவை அதற்குப் பிறகு காலியாகவே கிடந்த ஐந்து வாரங்கள்.

பிழைக்க வைக்கப் பார்த்தது

பேட்டரி 45 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஓர் ஆம்பியர்-மணி), மூன்று வருடப் பழையது, மூடிகளைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றக்கூடிய வகை. உடல் உப்பியிருக்கிறதா, விரிசல் உண்டா என்று பார்த்தேன், இல்லை. உப்பியதையோ உறைந்ததையோ மின்னேற்ற முயலவே கூடாது. (குளிர் நாடுகளில் இது நிஜமான ஆபத்து. முழுதாக ஏறிய பேட்டரியின் அமிலம் பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரி வரை உறையாமல் தாக்குப்பிடிக்கும். காலியானதில் ஏறக்குறைய தண்ணீர்தான் இருக்கிறது, பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழே போனாலே உறைந்துவிடும்.) தகடுகள் நனைந்திருக்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் ஏறும்போது பொங்கி வழியும்.

என் தானியங்கி சார்ஜர் அதை ஏற்கவே இல்லை. பேட்டரியே இணைக்கப்படவில்லை என்பதுபோல் விளக்கை மின்னிக்கொண்டிருந்தது. பல நவீன சார்ஜர்கள் மின்னழுத்தம் மிகக் குறைந்திருந்தால் இப்படித்தான் மறுக்கும். எனவே பட்டறையில் உள்ள, மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய மின்வழங்கியை எடுத்து, 14.4 வோல்ட்டுக்கு மேல் போகாமலும் 2 ஆம்பியருக்கு மேல் ஓடாமலும் வைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவிட்டேன். ஏறும் பேட்டரி ஹைட்ரஜனை விடுகிறது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு தீப்பொறிக்கு வெடிக்கும்.

இணைத்தவுடன் அழுத்தம் 14.4க்குத் தாவியது. ஓட்டமோ 0.1 ஆம்பியர். பசித்துக் கிடந்த ஒன்று ஆவலோடு உண்ண வேண்டும். இதற்கு வாயே திறக்கவில்லை. இறுகிய சல்பேட்டின் அடையாளம் இதுதான். இரவு 0.6 ஆனது. மறுநாள் காலை 2 ஆம்பியரை எட்டியது. அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே நம்பிக்கை வந்தது. இரண்டு நாள் கழித்து ஓட்டம் 0.3க்குக் குறைந்து நின்றதும் கழற்றினேன்.

அரை நாள் சும்மா வைத்து அளந்தால் 12.42 வோல்ட். அட்டவணைப்படி முக்கால் பங்கு. இங்கேதான் கவனம் வேண்டும். அமிலம் தண்ணீரைவிட எவ்வளவு கனம் என்று மிதவையால் காட்டும் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையிலிருந்தும் அமிலத்தை உறிஞ்சிப் பார்த்தேன். ஐந்து அறைகளில் மிதவை 1.240இல் நின்றது, நல்ல பேட்டரியில் 1.265க்கு மேல் இருக்க வேண்டும், ஆனாலும் பரவாயில்லை. நேர்மின் முனையிலிருந்து மூன்றாவது அறையில் மிதவை அடியிலேயே கிடந்து 1.150 காட்டியது. வரிசையில் பலவீனமான அறை முதலில் காலியாகும். மற்ற ஐந்தும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளும்போது அது தலைகீழாகவே ஏறத் தொடங்கிவிடும். 3.9 வரை இறங்கிய பேட்டரியில் ஓர் அறைக்கு இந்தக் கதி நேர்வது அதிசயமில்லை.

காரில் வைத்துச் செல்ஃப் அடித்தபோது அழுத்தம் 7.9க்கு விழுந்தது. 9.6க்குக் கீழே போனாலே சந்தேகப்பட வேண்டும். கடைசியாக, மீண்டும் ஏற்றிவிட்டு, 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை மாட்டி 10.5 வோல்ட் வரும்வரை எரியவிட்டேன். 4.5 ஆம்பியர் இழுக்கும் பல்பு மூன்று மணி இருபது நிமிடம் எரிந்தது. 15 ஆம்பியர்-மணி. 45 என்று எழுதியிருந்த பெட்டிக்குள் மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். மெதுவாக இறக்கியிருந்தால் சற்றுக் கூடுதலாகக் கிடைத்திருக்கும், தீர்ப்பு மாறியிருக்காது. புதிய பேட்டரி வாங்கச் சொல்லிவிட்டேன். அதே 12.42ஐ மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பி மாட்டியிருந்தால் முதல் குளிர்ந்த காலையில் கைவிட்டிருக்கும்.

உறிஞ்சியது எது

புதிய பேட்டரியை மாட்டுவதற்கு முன் மூலகாரணத்தைத் தேடினேன். தங்கையிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: "இதற்கு முன்னால் இப்படி நிறுத்திவிட்டுப் போயிருக்கிறீர்களா?" போன வருடம் மூன்று வாரம் யாரும் தொடாமல் நின்றதாம், வந்ததும் உடனே எடுத்ததாம். "அதற்குப் பிறகு காரில் புதிதாக எதையாவது மாட்டினீர்களா என்று கேட்கிறாய், இல்லையா அண்ணா?" என்று அவளே கேட்டுவிட்டு யோசித்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

ஒவ்வொரு காரும் நிற்கும்போதும் கொஞ்சம் மின்சாரம் குடிக்கும். கடிகாரம், அலாரம், ரிமோட்டின் குரலுக்குக் காத்திருக்கும் பூட்டு எல்லாம் விழித்திருக்கின்றன. 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பொதுவாக ஏற்கத்தக்கது. அதை அளக்க, எதிர்மின் கேபிளைக் கழற்றி, அதற்கும் டெர்மினலுக்கும் நடுவே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துவாரத்தில் வைத்து இணைக்க வேண்டும். மீட்டர் நடுவே இருக்கும்போது சாவியைத் திருப்பவே கூடாது. மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

பொறுமை வேண்டிய இடம் இது. கதவைத் திறந்தால் காரின் கணினிகள் விழித்துக்கொள்ளும். எனவே ஓட்டுநர் கதவைத் திறந்தே வைத்து, கதவுப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடினேன். பானெட் கொக்கியையும் அப்படியே. கார் தன்னை மூடியிருப்பதாக நினைத்துக்கொள்ளும், நான் உள்ளே கைவிடலாம். ரிமோட்டால் பூட்டிவிட்டு, சாவியைத் தள்ளி வைத்துவிட்டுக் காத்திருந்தேன். முதலில் 3 ஆம்பியருக்கு மேல். சில நிமிடத்தில் 0.9. பிறகு 0.35. நாற்பது நிமிடம் கழித்து 68 மில்லி ஆம்பியரில் வந்து நின்றது. பாதியில் அளந்துவிட்டு "ஷார்ட் இருக்கிறது" என்று சொல்லி வயர்களைப் பிரிக்கும் தவறு எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கிறது. கார் தூங்கும்வரை காத்திருக்காத எந்த அளவும் அளவே இல்லை.

68 பெரிய எண் இல்லை. எல்லையைக் கொஞ்சம் தாண்டியது, அவ்வளவுதான். ஃபியூஸ்களைப் பிடுங்கத் தொடங்கினால் தூங்கிய கணினிகள் மறுபடி விழிக்கும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் தலையிலும் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளில் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்துப் பார்த்தேன். ஓட்டம் இல்லாத ஃபியூஸில் பூஜ்யம் காட்டும். ஒன்றில் மட்டும் தெளிவாக அசைந்தது: பழுது கண்டறியும் சாக்கெட்டுக்குப் போகும் ஃபியூஸ். ஸ்டீரிங்குக்குக் கீழே குனிந்து பார்த்தால், தீப்பெட்டி அளவில் ஒரு கருவி மாட்டியிருந்தது. மைலேஜை ஃபோனில் பார்ப்பதற்காக மாப்பிள்ளை ஆறு மாதம் முன்பு வாங்கியது, மாட்டியதையே மறந்துவிட்டிருந்தார். பிடுங்கினேன். மீண்டும் தூங்கவிட்டுப் பார்த்தால் 21 மில்லி ஆம்பியர்.

தினமும் காரை ஓட்டியவரை அந்த 47 மில்லி ஆம்பியர் யாருக்கும் தெரியவில்லை. இரவில் குடித்ததைப் பகலில், எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் நிரப்பிவிட்டது. நின்றபோதுதான் அது கணக்கில் ஏறியது.

அப்பாவின் பத்து நிமிடம்

இப்போது அவருடைய கேள்விக்கு வரலாம். 68 மில்லி ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.6 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 11.4. மூன்று வருடப் பழைய பேட்டரி, ஊருக்குள் குறுகிய பயணங்களிலேயே ஓடியது. நிறுத்தியபோது 34 ஆம்பியர்-மணி அளவுக்கு இருந்திருக்கும் என்று வைத்துக்கொண்டேன். அப்பா திருப்பி ஊற்றியது எவ்வளவு?

புதிய பேட்டரியில் 10 ஆம்பியர்-மணியை வேண்டுமென்றே இறக்கிவிட்டு, கேபிளைக் கழற்றாமலே ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை எதிர்மின் கேபிளில் மாட்டி, அப்பாவையே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். ஸ்டார்ட் செய்ய ஆன செலவு மிகக் குறைவு: 150 ஆம்பியர் மூன்று நொடி இழுத்தாலும் அது ஓர் ஆம்பியர்-மணியில் எட்டில் ஒரு பங்குதான். ஏசி இல்லாமல், எஞ்சின் சும்மா ஓடும்போது, பேட்டரிக்குள் போன ஓட்டம் 19 ஆம்பியரில் தொடங்கிப் பத்து நிமிடத்துக்குள் 8க்கு இறங்கியது. மொத்தம் சுமார் 1.8 ஆம்பியர்-மணி. பிறகு ஏசியைப் போடச் சொன்னேன். குறைந்த வேகத்தில் சிறிய ஆல்டர்னேட்டர் தரும் மின்சாரத்தை ஏசி விசிறிகளும் கம்ப்ரசர் கிளட்ச்சும் எடுத்துக்கொண்டன; பேட்டரிக்கு மூன்று நான்கு ஆம்பியர்தான். பத்து நிமிடத்துக்கு 0.6.

வாரத்துக்குப் போனது 11.4. வந்தது 0.6. மிச்சம் இருந்தது முதல் ஞாயிறு 23, இரண்டாம் ஞாயிறு 12, மூன்றாம் ஞாயிறு 1. முதல் நாள் சுலபமாக, இரண்டாம் நாள் இழுத்து, மூன்றாம் நாள் டக் டக். அப்பாவின் நினைவும் என் கணக்கும் ஒரே இடத்தில் வந்து நின்றன. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "நான் ஸ்பூனால் ஊற்றியிருக்கிறேன், குடத்தின் அடியிலோ ஓட்டை" என்றார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்லிக்கொடுத்தபடி செய்தவர் மேல் என்ன தவறு? சொல்லிக்கொடுப்பதுதான் தவறாக ஊரெல்லாம் பரவியிருக்கிறது.

குளிர்ந்த எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவது பேட்டரிக்கு மட்டும் பயனில்லாதது அன்று. சைலன்சருக்குள்ளும் எஞ்சின் ஆயிலிலும் சேரும் ஈரம் ஆவியாகும் அளவுக்குச் சூடேறுவதற்கு முன்பே நிறுத்திவிடுகிறோம். ஸ்டார்ட் செய்வதானால் சாலையில் எடுத்துப்போய் முக்கால் மணி நேரமாவது ஓட்ட வேண்டும். டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் அது நல்லது. அப்போதுகூடக் கடைசி இருபது சதவீதம் ஏறாது. ஈய அமில பேட்டரி நிறைய நிறைய மெதுவாகத்தான் வாங்கும், அதற்குப் பல மணி நேரம் வேண்டும்.

அடுத்த முறைக்கு

அவர்கள் மறுபடியும் ஒன்பது வாரம் போக வேண்டியிருந்தது. கொட்டகையில் மின் இணைப்பு இருந்திருந்தால், நிரந்தரமாக மாட்டி வைக்கும் பராமரிப்பு சார்ஜரைத்தான் சொல்லியிருப்பேன். அது முழுதாக ஏற்றிய பிறகு 13.5 வோல்ட் அளவில் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. சாதாரண சார்ஜரை அப்படி விட்டுவிடக் கூடாது, தண்ணீரை வாயுவாக வெளியேற்றித் தகட்டைக் கெடுத்துவிடும். எதிர்மின் முனையில், ஏறுவதையும் இறங்குவதையும் அளக்கும் சென்சார் உள்ள கார்களில் சார்ஜரின் கறுப்புக் கிளிப்பை முனையில் மாட்டாமல் பாடியின் எர்த்தில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஏறியது காரின் கணக்குக்கு வரும். சூரியத் தகடு திறந்தவெளியில் நிற்கும் காருக்குச் சரி. ஆனால் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகுவதற்கு முன், சாவியை எடுத்த பிறகும் அந்த சாக்கெட்டுக்கு இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல கார்களில் இருக்காது.

மின் இணைப்பு இல்லாததால், முழுதாக ஏற்றிவிட்டு எதிர்மின் கேபிளைக் கழற்றிவிடுவது என்று முடிவு செய்தோம். கழற்றும்போது எதிர்மின் முதலில், மாட்டும்போது அது கடைசியில். ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. கழற்றிய பிறகு மிஞ்சுவது பேட்டரி தானாக இழப்பது மட்டும்: மிதமான வெப்பத்தில் மாதத்துக்கு மூன்று முதல் ஐந்து சதவீதம். பத்து டிகிரி கூடினால் அது ஏறக்குறைய இரட்டிக்கும், ஆகவே நிழல் முக்கியம். அலாரம் இருக்காது, கடிகாரத்தைத் திருத்த வேண்டும், ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி ஏற்றத்தைத் திரும்பப் பழக்க வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பேட்டரி டிக்கியில் இருந்து டிக்கி மின்சாரத்தால் மட்டும் திறக்கும் கார் என்றால் இந்த வழியே வேண்டாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களும் கவனிக்க வேண்டும்: பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி இறங்கினால் அந்த வண்டியும் விழிக்காது.

அப்பாவுக்கு ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கிக் கொடுத்தேன். எந்தத் துவாரம், எந்தக் குறி, எங்கே தொட வேண்டும் என்று இரண்டு முறை காட்டினேன். 12.4க்குக் கீழே வந்தால் எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிட வேண்டும் என்பது ஒப்பந்தம். ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்றும் சொன்னேன். அதுதான் அவருக்குக் கடினமாக இருந்தது.

ஒன்பது வாரம் கழித்து நான் போனபோது டைரியை நீட்டினார். ஞாயிறு தவறாமல், காலை ஏழு மணி என்று குறித்து, நீல மையில் எண்கள்: 12.70, 12.69, 12.67, 12.66, 12.64, 12.63, 12.62, 12.60, 12.59. கடைசி வரியில் அந்த வாரத்துக்கு 12.58. கேபிளை அவரே மாட்டினார், எதிர்மின் முனையைக் கடைசியாக. சாவியைத் திருப்பினார். ஒரே சுற்று.